பை முதலில் புறப்பட்டது

ஐந்தருவியில், ஆண்கள் குளிக்கும் பக்கம், தண்ணீருக்குப் பத்தடி முன்னால் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு நின்ற ஒரே மனிதன் நான்தான்.

இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பெல்ட், சட்டைப் பையில் நான்காக மடித்த விமான டிக்கெட். திருவனந்தபுரத்தில் மாலை ஆறு பத்துக்கு விமானம். அப்போது மணி பகல் பன்னிரண்டரை. நல்ல சீசன். சுற்றிலும் நல்லெண்ணெய் பளபளக்கும் முதுகுகள். சாரல் மூக்குக்கண்ணாடியில் விழுந்து ஒவ்வொரு முதுகும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. எங்கிருந்தோ மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது. அந்த நேரத்திலும் நாக்கில் எச்சில் ஊறியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோவைப் பக்கத்துக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் செல்போனை நீட்டினார். மச்சான்களோடு ஒரு படம் வேண்டுமாம். ஷூ போட்டவன் குளிக்க வந்தவனாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். பதற்றத்தில் இருப்பவன் யார் எதைச் சொன்னாலும் செய்வான்.

பிறகு "மாடசாமி அண்ணாச்சி" என்று கத்தினேன். அருவி என்னைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தது.

எனக்கு வேண்டியது அண்ணாச்சிகூட அல்ல, அவர் இடுப்பில் இருந்த சாவி. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கும் என்று கதை கேட்டிருப்பீர்கள். என் உயிர் அன்றைக்கு அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அந்தச் சாவி ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டுக்குள் என் பை. அந்தப் பைக்குள் என் ஆதார் அட்டையும் ஒரு ஜோடிக் குழந்தைக் கம்மலும்.

போன வாரம் பல் பிடுங்கப் போய்ப் பல்லோடு திரும்பி வந்த கதையைப் படித்துவிட்டு, இலத்தூர் வாசகர் ஒருவர் கடைக்கே வந்து, பயந்தது போதும், தைரியமான சம்பவம் ஒன்று எழுதும் என்று கேட்டுக்கொண்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். தைரியம் இதில் இருக்கிறது. என்னுடையதுதானா என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒன்றே கால் மணி நேரம்

தென்காசியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, டிக்கெட் போடுவது எல்லாம் உண்டு. வளைகுடாவுக்குப் போகிறவர்கள், அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் போர்டிங் பாஸ் அச்சடித்துக் கொடுப்பவன் நான்தான். "ஜன்னல் சீட் போடட்டுமா? இறக்கைக்கு முன்னாடி எடுத்துக்கோங்க, ஆட்டம் தெரியாது" என்று நான் சொல்கிற தோரணையைக் கேட்டால், காலை உணவுக்குச் சிங்கப்பூர் போய்வருகிறவன் என்று நினைப்பீர்கள். ஐம்பத்திரண்டு வயதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை என்பது என் மனைவிக்கும் தங்கைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால், நடுவே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று சொல்லும் இணையதளம் ஒன்று இருக்கிறது. டிக்கெட் வந்த நாளிலிருந்து தினம் நாலு தடவையாவது அதைத் திறப்பேன். திருவனந்தபுரம் – சென்னை: அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். நேற்று பார்த்ததிலிருந்து இன்றைக்கு ஏதாவது குறைந்திருக்குமா என்று பார்ப்பேன். ஒருநாளும் குறையவில்லை.

தென்காசியிலிருந்து சென்னைக்கு ரோடு வழியாகவும் அறுநூற்றுச் சொச்சம்தான். அதாவது, முதலில் மேற்கே நூறு கிலோமீட்டர் மலையேறி இறங்கிக் கேரளத்துக்குப் போனால்தான், அதே அறுநூறை மறுபடி முதலிலிருந்து பறக்கலாம். ரயிலில் போகலாமே என்பீர்கள். சீசனில் சென்னை ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் எங்கள் தெருவைவிட நீளம். அதனால்தான் தங்கை வீட்டுக்காரர் விமான டிக்கெட்டாகப் போட்டு அனுப்பிவிட்டார்.

எந்த விமான நிலையம் என்பது தென்காசியில் தீராத வழக்கு. தூத்துக்குடிக்குக் கிழக்கே போக வேண்டும், மதுரைக்கு வடக்கே, திருவனந்தபுரத்துக்கு மேற்கே. மூன்றும் நம்மிடமிருந்து சமமாக ஒதுங்கி நிற்கின்றன. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றைச் சொல்லி, மற்ற இரண்டுக்கும் போய்க் கெட்டுப்போனவர்களின் பட்டியலையும் கொடுத்தார்கள். நான் எல்லாருக்கும் தலையாட்டினேன். என் மனதுக்குள் நாலாவதாக ஒரு யோசனை இருந்தது. போகாமலிருப்பது.

அந்த இணையதளத்தில் ஒரு வரைபடமும் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே வில் மாதிரி ஒரு கோடு. ஒருநாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. திருவனந்தபுரத்தில் கிளம்பும் அந்தக் கோடு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, குற்றாலத்தை உரசிக்கொண்டு, நேராகத் தென்காசிக்கு மேலேதான் போகிறது. மூன்று மணி நேரம் காரில் மேற்கே போய், ஏறி உட்கார்ந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடி என் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே வர வேண்டும். அதற்கு நான் மொட்டை மாடியிலேயே நின்றுகொள்கிறேனே.

உலகம்மா

என் தங்கை பெயர் உலகம்மாள். பல்லாவரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும்போது கொடியில் காயும் துணி ஆடும். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை, யாழினி. எங்கள் பெற்றோர் இல்லை. உடன்பிறந்தவன் நான் ஒருவன். குழந்தைக்குத் தாய்மாமன் என்று ஊரிலும் உலகத்திலும் நான் மட்டும்தான்.

இந்தத் தாய்மாமன் செய்தது என்ன? வளைகாப்புக்கு டிக்கெட் வந்தது. கிளம்பும் நாளில் எனக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டருக்கு மட்டும் தெரியாத காய்ச்சல். பெயர் வைக்கும் விழாவுக்கு டிக்கெட் வந்தது. கிளம்பும் நாளில் முதுகு பிடித்துக்கொண்டது. விமானம் கிளம்பிய நேரத்துக்குச் சரியாக விட்டுவிட்டது. ரயிலில் பிறகு ஒருமுறை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். விசேஷத்துக்கு வராத மாமன் விசேஷமில்லாத நாளில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உலகம்மா ஒன்றும் கேட்கவில்லை. காபியில் சர்க்கரை போடவும் மறந்துவிட்டாள்.

இப்போது காது குத்து. ஏழாம் மாதம் அவள் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து தள்ளிப்போனது, ஒன்பதாம் மாதம் குழந்தைக்குச் சளி. இது பதினொன்று. பன்னிரண்டில் குத்துவதில்லை. புதன்கிழமை காலை ஏழரைக்கு முன்னால், அந்த வீட்டுக் கூடத்திலேயே. தாய்மாமன் மடியில் குழந்தையை வைத்துத்தான் குத்த வேண்டும். கம்மலும் தாய்மாமன் கொண்டுபோக வேண்டும்.

என் விமானம் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை மதியமே எனக்குக் கண் எரிய ஆரம்பித்துவிட்டது.

வடக்கே சூலம்

கோமதி, என் மனைவி, இலஞ்சியில் புவியியல் ஆசிரியை. புதன்கிழமை பள்ளியில் ஆய்வு என்பதால் அவளால் வர முடியவில்லை. நாட்காட்டியை அவள் பால் கணக்குப் புள்ளி வைக்க மட்டும் தொடுவாள். அப்படிப்பட்டவள் திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்ததும் அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்பக்கம் படித்தாள். செவ்வாய், புதன் வடக்கே சூலம் என்றாள். அந்தத் திசைப் பக்கம் அந்த நாளில் பயணம் ஆகாது.

எனக்கு உள்ளுக்குள் விளக்கு எரிந்தது. ஆனால் உடனே ஒத்துக்கொண்டால் சந்தேகம் வரும் இல்லையா? அதனால் கொஞ்சம் வாதாடினேன். நான் முதலில் போவது மேற்கே திருவனந்தபுரத்துக்கு, அதற்கு வெள்ளியும் ஞாயிறும்தானே சூலம் என்றேன். அங்கிருந்து விமானமும் வடக்கே போகவில்லை, வடகிழக்கே போகிறது, அது ஈசான மூலை, விசேஷமான திசை என்று கோட்டைக் காட்டினேன்.

அவள் கோட்டைப் பார்த்தாள். "பாதி வடக்குதான? பாதி சூலம் குத்தாதா?" என்றாள்.

சரி, போகாமல் விட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அதற்கும் வழி இருக்கிறது என்றாள். பரஸ்தானம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கிளம்பும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முந்தின நாளே நல்ல நேரத்தில் நம் பையை, போகும் திசையில் இருக்கிற வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் நாம் போய்ப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடலாம். ஒரே கட்டுப்பாடு, வெளியே போன பை மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

இன்னொரு கட்டுப்பாடு அவளாகச் சேர்த்தாளோ என்னவோ. எது இல்லாமல் நம்மால் பயணம் போக முடியாதோ, அதைப் பையில் வைக்க வேண்டுமாம். அப்படியானால் உன்னைத்தான் வைக்க வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பட்டு வேட்டி சட்டை, கம்மல் டப்பா, என் ஆதார் அட்டை மூன்றையும் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஊருக்கெல்லாம் ஆதார் நகல் எடுத்துக் கொடுக்கிறவன் தன் ஆதாருக்கு ஒரு நகல்கூட வைத்திருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வடக்கே இரண்டு வீடு தள்ளி மாடசாமி அண்ணாச்சி வீடு. முப்பது வருடம் செங்கோட்டை – திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். நாலே முக்காலுக்கு மேல் நல்ல நேரம். அண்ணாச்சி இரண்டு கையாலும் பையை வாங்கி, பூஜை அலமாரிக்குக் கீழே வைத்து, கும்பிட்டும் கொண்டார்.

பூட்டு

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குப் பையை எடுக்கப் போனேன். பன்னிரண்டுக்கு டாக்சி.

கதவில் பூட்டு. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, சீசன் வந்துவிட்டால் அண்ணாச்சி தினமும் ஐந்தருவிக்குப் போய்விடுவார், தண்ணீர் படும் என்று போனைக் கொண்டுபோக மாட்டார், சாவியை மட்டும் அரைஞாணில் கட்டிக்கொள்வார், சாயங்காலம்தான் வருவார் என்றார்.

அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த உணர்ச்சியை நேர்மையாக எழுதுகிறேன். ஆனந்தம். காய்ச்சலும் முதுகு வலியும் செய்ய முடியாததை ஒரு பூட்டு செய்துவிட்டது. நான் போக மாட்டேன் என்று சொல்லவில்லையே? ஆதார் உள்ளே இருக்கிறது. இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கண் எரிச்சல்கூட அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

எப்படி வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு கோமதியிடம் சொல்வது என்று படியில் நின்று பழகிக்கொண்டிருந்தபோது உலகம்மா கூப்பிட்டாள்.

"அண்ணா, கெளம்பிட்டியா?"

"கெளம்பிட்டேன்" என்றேன். சாஸ்திரப்படி பொய் இல்லை. நேற்றே கிளம்பியாகிவிட்டது.

"மனப்பலகைய தொடச்சி வச்சிட்டேன். எங்க அத்தை சொல்லுதாவ, ஒங்க அண்ணன் வரமாட்டாரு, பேசாம சித்தப்பா மடியில வச்சிக் குத்திருவோம்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வேண்டாம்னுட்டேன். எங்க அண்ணன் மடியில வச்சா குத்துங்க, இல்லேன்னா எம்பிள்ளை மூளிக் காதாவே இருக்கட்டும்னுட்டேன். வையி, வேலை கெடக்கு."

வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். வேலை கிடக்கிறது என்று வைத்துவிட்டாள்.

பூட்டைத் திரும்பப் பார்த்தேன். ஆனந்தம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. கால் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் குரல்

இலஞ்சி வழியாகப் போனால் நெரிசல் குறைவு என்று நினைத்தேன். தமிழ்நாட்டின் மற்ற எல்லா மாவட்டமும் அதையே நினைத்திருந்தது. வேன்களுக்கு நடுவே புகுந்து ஐந்தருவி போய்ச் சேர்ந்த கதைதான் ஆரம்பத்தில் நீங்கள் பார்த்தது.

அருவிக்குள் நிற்கும் மனிதனுக்கு முகம் கிடையாது. முகத்தைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு முதுகை உலகத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பான். அண்ணாச்சியின் முதுகை நான் இருபது வருடத்தில் ஒருமுறைகூடக் கவனித்துப் பார்த்ததில்லை. அரைஞாணில் சாவி தொங்குகிறதா என்று ஒவ்வொரு இடுப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். ஒருவர் "என்ன சார் தொலைச்சீங்க?" என்று கேட்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இன்னும் இரண்டு இடுப்பு பார்த்திருந்தால் என் பயணம் வேறு திசையில் போயிருக்கும்.

அப்போதுதான் தண்ணீர்த் திரைக்கு உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எடம் கெடக்கு. மொகப்புல நிக்காதீய."

செல்போனையும் டிக்கெட்டையும் அந்தக் கோவைக்காரரிடம் கொடுத்து வைத்துவிட்டு, ஷூவோடு உள்ளே புகுந்தேன். தலையில் யாரோ மூட்டை மூட்டையாகக் கூழாங்கல்லைக் கொட்டிய மாதிரி இருந்தது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. கையைத் துழாவியபோது எண்ணெய் வழுக்கும் ஒரு தோள் கிடைத்தது.

"ஏலே சங்கரா," என்றது தோள். "ஷூவோடயாலே குளிக்க வந்த?"

"அண்ணாச்சி, சாவி. என் பை. பிளைட்டு."

"அதுக்கென்ன இப்பம்? நேத்துதான பை வச்ச?"

"இன்னைக்கு ஆறு மணிக்கு பிளைட்டு அண்ணாச்சி."

"பரஸ்தானம்னா மூணு நாளாவது கெடக்க வேண்டாமா? எங்க அப்பா காசிக்குப் போகச்சில பை பத்து நாள் பக்கத்து வீட்டுல கெடந்துது. ஒரு நாள்ல எடுக்கதுக்கு எதுக்குலே பரஸ்தானம்? நீ வியாழக்கெழமைதான் எடுக்க வருவேன்னுல்லா நான் நெனச்சேன்."

அவர்மேல் தப்பே இல்லை. முறையாகப் பை வாங்கி வைத்தவர், முறையாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். விமானம் பத்து நாள் காத்திருக்காது என்பது காசிக்கு நடந்து போன காலத்தில் ஏற்பட்ட சாஸ்திரத்துக்கு எப்படித் தெரியும்?

சாவியை மட்டும் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். வாங்கி வைத்தவர் கையாலேயே எடுத்துக் கொடுத்தால்தான் பயணம் விளங்குமாம். ஈரத் துண்டோடு என் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாமல் நான் ஓட்ட, வழி நெடுக, "ரைட்டு, போலாம் ரைட்டு" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார்.

காக்கிச் சட்டை

ஒன்றேகாலுக்கு வாசலில் டாக்சி. ஓட்டுநர் இசக்கி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட வந்த என்னைப் பார்த்துக் கோமதி பதறவில்லை. பழைய கண்ணாடியை எடுத்து வந்து வாசலில் நின்றபடியே மாட்டிவிட்டாள்.

"சட்டை மாத்திட்டுப் போயிருதேன்" என்றேன்.

"வாசப்படி தாண்டியாச்சில்லா. உள்ள வந்தா பயணம் கெட்டுரும்."

"ஈரத்தோடயா?"

"ஈரம் காயும்."

பையில் இருந்த பட்டு வேட்டி சட்டையை அவள் தொடவே விடவில்லை. கடைசியில் அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து ஒரு வேட்டியும், பீரோவில் மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். பாச்சா உருண்டை மணத்தது. இடது பாக்கெட்டில் ஒரு பழைய விசில்கூட இருந்தது. பூஜை அலமாரிக்கு அடியிலிருந்து பையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

புளியரை தாண்டி மலை ஏறும் இடத்தில் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்று வளைவில் படுத்துவிட்டது. இசக்கி இன்ஜினை அணைத்தார். சாரல் கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. இணையதளத்தில் இந்த வளைவுக்கு நேரம் போடவில்லை.

என் மூளை மறுபடி வேலையை ஆரம்பித்தது. இதுவும் நல்ல காரணம்தான். லாரி படுத்துவிட்டது என்றால் உலகம்மாவும் நம்புவாள், படம்கூட அனுப்பலாம். செல்போனை எடுத்து லாரியை நோக்கிப் பிடித்தும் விட்டேன். மடியில் இருந்த பைக்குள் கம்மல் டப்பா லேசாகக் கிலுங்கியது. போனை உள்ளே வைத்தேன். காக்கிச் சட்டையோடு இறங்கிப் போய், விசிலை ஊதினேன்.

அந்தச் சட்டைக்கு இருந்த மரியாதை எனக்கு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. எதிரே வந்த கார்கள் ஒதுங்கின. ஒரு மலையாளி ஓட்டுநர் "சாரே, எப்போ விடும்?" என்று பணிவோடு கேட்டார். அரை மணி நேரத்தில் ஒற்றை வழி திறந்தது. நான் விசில் ஊதியதாலா, லாரியை நகர்த்தியதாலா என்ற ஆராய்ச்சியை இசக்கி இன்றுவரை கடைத்தெருவில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

தென்மலை, மடத்தறை, நெடுமங்காடு. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு விமான நிலையத்து வாசல். கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருந்தது.

வீட்டுக்கு மேலே

விமானத்துக்குள் முன்னால் ஏறியவர்கள் பெட்டியை மேலே வைக்கிறேன் என்று வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் கூட்டம் முட்டியது. என் வாய் என்னைக் கேட்காமலேயே "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்றது. எல்லோரும் திரும்பிக் காக்கியைப் பார்த்தார்கள். நகர்ந்தார்கள். பணிப்பெண் எனக்கு நன்றி சொன்னார்.

தைரியம் அதோடு தீர்ந்துவிட்டது. சக்கரம் தரையை விட்டபோது, பக்கத்து இருக்கைச் சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையென்று நினைத்துத்தான் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளாமல், "பேடிக்கண்டா சேட்டா" என்றார். பயப்படாதே என்று எனக்கு எந்த மொழியில் சொன்னாலும் புரியும்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கீழே முழுக்க வெள்ளை மேகம். அந்தக் கோட்டின்படி இதுதான் எங்கள் மலை. இந்த வெள்ளைக்குக் கீழே எங்கோ ஐந்தருவியும், அதற்குள் என் மூக்குக்கண்ணாடியும். அடுத்தது தென்காசி. ஆறரைக்குக் குடையோடு மொட்டை மாடியில் நிற்பேன் என்று கோமதி சொல்லியிருந்தாள்.

திடீரென்று எனக்கு வேறொரு பயம் பிடித்தது. வெளியே போன பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. இப்போது பை வீட்டுக்கு மேலே அல்லவா வந்துகொண்டிருக்கிறது? முப்பதாயிரம் அடி மேலே வந்தால் அது வந்த கணக்கா, வராத கணக்கா? நாட்காட்டியின் பின்பக்கத்தில் இதற்கு இடமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலடியில் இருந்த பையை எடுத்து மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அது தரையில் படாமல் இருந்தால் போதும் என்று ஏதோ ஒரு நியாயம்.

பணிப்பெண் வந்து பையைக் கீழே வைக்கச் சொன்னார். "எங்க வீடு போகட்டும்மா, வச்சிருதேன்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மடி

காலை ஏழு மணி. பட்டு வேட்டியோடு மனைப்பலகையில் உட்கார்ந்தேன். யாழினியை என் மடியில் வைத்தார்கள். குளித்துப் பவுடர் போட்ட குழந்தையின் கனம். அவள் முதலில் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். அந்த வாரத்தில் நான் இழந்த இரண்டாவது கண்ணாடி அது.

ஆசாரி கம்பியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் காதுக்கு அவள் அழவில்லை. இரண்டாவதுக்குக் கூடம் அதிர அழுதாள். முதல் காதுக்கு யார் அழுதது என்ற விவரத்தை உலகம்மா செல்போனில் பிடித்து வைத்திருக்கிறாள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அது போய்விட்டதால் நான் மறைத்துப் பயனில்லை.

கம்மல் மாட்டிய பிறகு உலகம்மா காபி கொண்டுவந்தாள். அதில் சர்க்கரை இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சூலம், பரஸ்தானம், அருவி எல்லாவற்றையும் அவளுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையின் காதுக்கு மஞ்சள் தடவியபடியே சிரித்தாள்.

"மதினிக்கு எந்த நாளு எங்க சூலம்னு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? ஞாயித்துக்கெழமையே எனக்குப் போன் போட்டுட்டா. பையும் ஆதாரும் வீட்டுல இருந்துதுன்னா ஒங்க அண்ணன் மறுபடி காய்ச்சல்னு படுத்துருவாக. வெளிய வச்சிட்டம்னா திரும்ப உள்ள கொண்டார முடியாதுல்லா, பை பின்னாடியே போயிருவாகன்னு."

கோமதிக்குப் போன் போட்டேன். ஆய்வுக்கு நடுவே எடுத்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். சரி என்றாள். அண்ணாச்சி அருவிக்குப் போனதும் உன் ஏற்பாடா என்றேன். அது, எப்போது எடுப்பீர்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லாமல் நீங்களே தேடிக்கொண்டது என்றாள். நேற்று மொட்டை மாடியில் நின்றாயா என்று கேட்டேன்.

"நின்னேன். மேகந்தான் இருந்துது. சத்தம் மட்டும் கேட்டுது. போயிட்டாகன்னு நெனச்சிக்கிட்டேன்."

ஒன்றே கால் மணி நேரம் என்கிறது இணையதளம். என் பை திங்கட்கிழமை சாயங்காலம் கிளம்பியது, புதன்கிழமை காலைதான் திறந்தேன். நான் எப்போது கிளம்பினேன் என்று கேட்டால், வளைகாப்புக்கு முந்தின நாள் என்று சொல்வதுதான் நியாயம். அங்கங்கே நின்று நின்று வந்திருக்கிறேன்.

திரும்பும் டிக்கெட் வியாழக்கிழமை. புதன் சாயங்காலமே எனக்குக் கண் எரியத் தொடங்கியது. உலகம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். வியாழக்கிழமை தெற்கே சூலம் அண்ணா என்றாள். என் பையை எடுத்து, ஆதார் அட்டையை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு, தெற்குப் பக்கம் இருந்த எதிர் பிளாட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கதவைத் திறந்தவர் கையில் பை போவதற்கு முன்னால், அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "சார், நாளைக்குக் குளிக்க எங்கயும் வெளியூர் போவீங்களா?"

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க குழாய்ல தண்ணி வந்தாலே பெருசு சார்," என்றார்.